பின் இரண்டும் தம்பி பாகம்

தேயவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. குனிந்து பின் டயரில் விரலை விட்டுப் பார்த்தேன், ரோட்டைப் பிடிக்கிற பட்டன் நகம் முங்குகிற அளவுக்கு நிற்கிறது, எந்த மடையனைக் கூப்பிட்டுக் காட்டினாலும் நல்ல டயர்தானே, இதை எதுக்கு மாற்றுகிறாய் என்பான். ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி பார்த்தால் பித்தவெடிப்பு பிடித்த குதிகால் மாதிரி கீறல் கீறலாக ஓடுகிறது. ஓடித் தேய்ந்த டயரை மாற்ற யாருக்கும் வலிக்காது. இது எங்கே ஓடியது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் எங்கள் பழைய பவுண்டரி ஷெட்டில் படுதாவுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே செத்திருக்கிறது. "ரப்பருக்கும் வயசுன்னு ஒண்ணு இருக்குதுங்ணா, பட்டனைப் பாத்து ஏமாறக் கூடாதுங்க" என்கிறார் தேவசகாயம். இந்த டயர் கடையின் மேனேஜர். காற்றளவு பார்க்கிற கருவியைப் பேனா மாதிரி சட்டைப் பையில் குத்தியிருக்கிறார். கோட்டு சூட்டு விற்கிறவனுக்கும் டயர் விற்கிறவனுக்கும் ஒரே சிரிப்புதான், உங்களைப் பார்க்காமல் உங்கள் அளவைப் பார்க்கிற சிரிப்பு. எங்கள் வண்டி கடைக்குள் நுழைந்ததும் வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவப்பு, இரண்டே சீட், கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். திருச்சி ரோட்டில் இந்த மாதிரி ஒன்று வந்தால் பஸ்ஸில் தொங்குகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அதற்குத்தானே அப்பா இதை வாங்கியது. இன்றைக்குச் சனிக்கிழமை, பொழுது சாய்வதற்குள் வண்டியை ஷெட்டில் விட்டு வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். நாளைய ஞாயிறு என்னுடையது அல்ல. என் அண்ணனுடையது.

காரை யாராவது பாகம் பிரிப்பார்களா? எங்கள் வீட்டில் பிரித்தார்கள். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்து வாய் கோணிப்போன வருஷம் பவுண்டரியையும் நிலத்தையும் பிரித்துக்கொண்டு நானும் அண்ணன் ஜெகநாதனும் பேச்சை நிறுத்தினோம். வண்டியை மட்டும் ஒருத்தனுக்குக் கொடுக்க அப்பா ஒப்பவில்லை, நல்லாயிருக்கிற கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி இரண்டு விரலைக் காட்டினார். விற்கவும் கூடாதாம். சரி என்று வேலுச்சாமி மாமா, அம்மாவின் தம்பி, சபை நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார். "தோப்பைக் கெழக்கு மேக்காப் பிரிச்சாச்சு, ஷெட்டை வடக்கு தெக்காப் பிரிச்சாச்சு, காரை முன்னாடி பின்னாடியாப் பிரிச்சா ஆச்சு. ஆளுக்கு ஒரு ஞாத்துக்கெழமை. இஞ்சினும் முன் டயரும் பெரியவன் பாத்துக்கட்டும், டிக்கியும் கூரையும் பின் டயரும் சின்னவன் பாத்துக்கட்டும்." மாமாவுக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஆகா என்ன நியாயம் என்று தலையாட்டினார்கள். இந்த வண்டியில் முன் டயர் ஒல்லி, பின் டயர் அகலம், முன்னதைப் பின்னால் மாட்ட முடியாது, பின்னதை முன்னால் மாட்ட முடியாது, அதனால் அவனுடையது அவனுடையதுதான், என்னுடையது என்னுடையதுதான், என்ன பொருத்தம். பெரிய டயர் எனக்கு, செலவு எனக்கு, அதையும் அன்றைக்கே என் பெண்டாட்டி சுகந்தி காதில் கடித்தாள். அப்பாவையும் அதே சபையில்தான் பிரித்தார்கள், இந்த மாதம் அவன் வீடு, அடுத்த மாதம் என் வீடு. காருக்கு வாரம், அப்பாவுக்கு மாதம். இந்த மாதம் அவர் அங்கே இருக்கிறார்.

"முன்னாடி ரெண்டும் சும்மா கிண்ணுனு இருக்குதுங்ணா, நம்ம கடையிலதான் போட்டது" என்று தேவசகாயம் முன் சக்கரத்தைச் செல்லமாகத் தட்டினார். எனக்குத் தெரியாதா? மழை தொடங்குவதற்கு முன்னாலேயே அவன் தன் பாகத்தை மாற்றிவிட்டான், மாமா மூலம் சேதியும் வந்தது, பெரியவன் போட்டுட்டான், சின்னவனும் பாத்துக்கட்டும் என்று. என்னவோ பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் வாங்கிய மாதிரி. அதனாலேயே நான் போடவில்லை. அவன் போட்டான் என்பதற்காக நான் போட வேண்டுமா? பட்டன்தான் நிற்கிறதே. "தப்பா நெனச்சுக்காதீங்ணா" என்று தேவசகாயம் குரலைத் தணித்தார், "பெரியவர் வந்தப்பவே சொன்னனுங்க. முன்னாடி புதுசாப் போட்டுப் பின்னாடி பழசை உட்டா மழையில வண்டி சுத்தீருங்க, முன்னாடி கெட்டியாப் புடிக்கும், பின்னாடி வழுக்கீட்டுப் போயிரும், மாத்தறதுன்னா பின்னாடி மொதல்ல மாத்துங்கன்னு. அவரு கேட்டுட்டு, அது தம்பி பாகம், தம்பி பாத்துக்குவான்னுட்டாருங்க." சொல்லிவிட்டு அவர் வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீ வேண்டுமா என்றார்கள், வேண்டாம் என்றேன். அது தம்பி பாகம். அப்படியானால் அவனுக்குத் தெரியும். முன்பே தெரியும். எனக்கு ஒரு வார்த்தை, மாமாவிடம் ஒரு வார்த்தை, வாட்ச்மேனிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரு, இரு, அவசரப்படாதே. அவனும் இதே வண்டியில்தானே போகிறான்? எனக்கு ஒரு ஞாயிறு என்றால் அவனுக்கு ஒரு ஞாயிறு. தெரிந்தே எவனாவது அதில் போய் உட்காருவானா? கஞ்சன், மேனேஜர் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பான். அவ்வளவுதான். அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்தச் சமாதானம் உள்ளே போய் உட்காரவில்லை.

போன ஞாயிறு மாங்கரை தாண்டி ஆனைகட்டி ஏற்றத்தில் அது நடந்தது. தூறல்தான், பெரிய மழைகூட இல்லை. சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய வளைகாப்புக்கு யார் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள், நான் வழக்கம்போல ஊம் கொட்டிக்கொண்டே வந்தேன். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன், முன்பக்கம் சொன்ன சொல் கேட்டது, பின்பக்கம் கேட்கவில்லை. பின்பக்கம் தனியாக வேறு எங்கோ கிளம்பியது. மரம், பாறை, மரம், வானம், மைல்கல் எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்து நாங்கள் வந்த வழியைப் பார்த்தபடி வண்டி நின்றது. பள்ளத்தின் ஓரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. எதிரில் எதுவும் வரவில்லை. ஐந்தாறு மூச்சுக்கு அப்புறம் ஒரு அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. சுகந்தியின் நெற்றி கதவில் மோதிக் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. அவள் அழவில்லை, என் பக்கம்கூடத் திரும்பவில்லை. "என்னைக் கொன்னுபோட்டு யாரைக் கட்டிக்கலாம்னு இருக்கீங்க" என்றாள். வண்டி சுற்றிய அந்த நேரத்தில் என் கை அவள் பக்கம் போகவே இல்லை என்பது எனக்குத் தெரியும், ஸ்டீயரிங்கில்தான் இருந்தது, போகட்டும், அவளுக்கும் தெரியும். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள், என்னை அல்ல. பட்டன் தேயாத வாழ்க்கை எங்களுடையது. பார்க்கிறவர்கள் நல்ல ஜோடி என்பார்கள். வீடு வந்ததும் அவள் மஞ்சளை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். இனி அந்த வண்டியில் ஏறினால் என் பெயர் சுகந்தி இல்லை என்று இரவு சாப்பாட்டின்போது சொன்னாள். எனக்கு அப்போது வந்த நினைப்பு அவளைப் பற்றியது அல்ல. வர்ற ஞாயிறு அவன் போவானே, என்பதுதான் நினைப்பு.

இதுதான், இதைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன் காலையிலிருந்து. மாற்றாமல் விட்டால் என்ன? ஆர்டர் கொடுத்துவிட்டுப் புதன்கிழமை வந்து மாட்டிக்கொள்கிறேன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? என் பாகம், என் இஷ்டம். பட்டன் இருக்கிறது, போலீஸ்காரன் விரலை விட்டுப் பார்த்தாலும் இருக்கிறது. வானம் வடக்கே கருத்துக்கிடக்கிறது, நாளைக்கு நிச்சயம் பெய்யும். அவன் வால்பாறைப் பக்கம்தான் போவான், அதுதான் அவனுக்குப் பிடித்த ஏற்றம், கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஓட்டுவான், காட்டிக்கொள்வதற்கு. பக்கத்து சீட்டில் அப்பா இருப்பார். இந்த மாதம் அங்கே இருக்கிறாரே, கூட்டிப்போகாமல் இருப்பானா, ஊர் பார்க்க வேண்டுமே. கழுத்தில் துண்டைக் கட்டி, பெல்ட்டைப் போட்டு, வாயில் ஒழுகுவதைத் துடைத்துவிட்டு, நல்ல பிள்ளை. அவனுடைய ஒவ்வொரு ஞாயிறும் நான் வீட்டு மாடியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன், தூரத்தில் ஏதாவது வண்டி உறுமினால் வயிறு காந்தும், இந்நேரம் ஆழியாறு தாண்டியிருப்பான், இந்நேரம் டீக்கடையில் நிறுத்தியிருப்பான், ஆட்கள் கூடி வேடிக்கை பார்ப்பார்கள், அப்பா கோணல் வாயால் சிரிப்பார். பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது என்பார்கள். வளைவு, தூறல், பின்பக்கம் கிளம்புகிறது. இரண்டு சீட், இரண்டு பேர். அம்மா போனபோது கொள்ளி நான் வைத்தேன், தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைசி மகன் என்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு அவன்தான். ஆனால் அவனும் கூடவே போய்விட்டால்? அப்போது நான்தான். சட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நான்தான் சுற்றி வர வேண்டும். சீ. என்ன புத்தி இது. நினைத்ததும் முதுகில் வியர்த்துவிட்டது, ஏசி ஓடுகிற அறையில். கெடுவான் கேடு நினைப்பான். நினைத்தவன்தான் கெடுவான் என்று அர்த்தமா, கெடப்போகிறவனுக்குத்தான் இப்படி நினைப்பு வரும் என்று அர்த்தமா, இரண்டும் ஒன்றுதான்.

ஆனாலும் அப்பா எங்களுக்குச் செய்ததற்கு நாங்கள் இவ்வளவாவது நினைக்காவிட்டால் மனுஷர்களே இல்லை. ஊட்டியில் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒருத்தரிடம் அப்பா இதை வாங்கியபோது ஜெகநாதனுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும், நான் அவனுக்கு இரண்டு வருஷம் இளையவன். பெண்டாட்டி, இரண்டு பிள்ளை உள்ளவன் இரண்டு சீட் வண்டி வாங்குவானா? வாங்கினார். ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும் குளித்து, தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரைக் கூட்டிப்போவது என்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்ல மாட்டார். கை கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்துக்கொண்டே ஒருத்தன் தலையில் தட்டுவார், அன்றைக்கு வண்டியில் அவன்தான். எதற்கு அவன், எதற்கு நான் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. மார்க்கா, சேட்டையா, முகமா, தெரியாது. தெரியாததால் வாரம் முழுவதும் எல்லாவற்றுக்கும் பயந்தோம். அவன் என்னைப் பற்றிக் கோள் சொன்னான், நான் அவன் நோட்டைக் கிணற்றில் போட்டேன். ஒருமுறை சனிக்கிழமை இரவு அவனுக்கு வயிற்றுப்போக்கு வரட்டும் என்று மோரில் விளக்கெண்ணெய் கலந்தேன், அவன் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக் குடித்தான். தலையில் தட்டு விழாதவன் வீட்டில் இருந்து, அவர்கள் வந்ததும் வண்டியைத் துடைக்க வேண்டும், சேறு காய்வதற்குள். துடைக்கும்போது அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இங்கே இன்னும் இருக்கிறது பார், அங்கே இருக்கிறது பார் என்பார். அம்மா ஒருநாள் கேட்டாள், "ரெண்டையும் ஒரு சீட்டுல உக்கார வெக்கக் கூடாதுங்களா, சின்னப் பசங்கதானே" என்று. "ரெண்டு பேரையும் கூட்டீட்டுப் போனா அப்பறம் எவன் எனக்குப் பயப்படுவான்" என்றார். எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே. அந்த மனுஷனுக்குத்தான் இப்போது நான் என் மாதத்தில் சோறு பிசைந்து ஊட்டுகிறேன், சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் சூடாக.

தேவசகாயம் மூன்று டயரைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து நிறுத்தினார். ஒன்று கெட்டி ரப்பர், ரொம்ப வருஷம் தேயாது. இரண்டாவது ஏதோ புது கம்பெனி, பூ வேலைப்பாடு மாதிரி பட்டன், அழகுக்கு. மூன்றாவது மெத்து ரப்பர், ஈர ரோட்டிலும் பல்லி மாதிரி ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும். "நீங்க எப்பவாச்சும் ஓட்டறவங்க, தேயற டயர்தான் உங்களுக்கு லாயக்குங்க. தேயாத டயர் வாங்கி என்ன பண்றது, அதுக்குள்ள வயசாகிக் கெட்டுப் போயிருமுங்க" என்றார். விற்கிறவன் பேச்சுதான், என்றாலும் சரியாகத்தான் இருந்தது. மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். கெட்டியை அழுத்தினால் கட்டைவிரல்தான் மடங்கியது. மெத்து கொஞ்சம் இடம் கொடுத்துத் திரும்பி வந்தது, உயிருள்ளது மாதிரி. அப்போதுதான் என்னமோ ஆயிற்று எனக்கு. அவனும் இதே செத்த டயரில்தானே அத்தனை ஞாயிறும் போய்வந்திருக்கிறான், அப்பாவை வைத்துக்கொண்டு, மழையில், அந்த மலையில். அவனுக்கும் எங்கேயாவது ஒரு வளைவில் பின்பக்கம் கிளம்பியிருக்கும், அவனும் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் படுத்திருப்பான். முன்னதை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னதற்கு என்னை எதிர்பார்த்துக்கொண்டே, வாயைத் திறந்து கேட்க மானம் இடம் கொடுக்காமல், செத்தாலும் சாவேன் கேட்க மாட்டேன் என்று. தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை. நானும் அதைத்தானே செய்தேன்? ஒரே இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தானே? இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக அவன் மேல் எனக்கு ஒரு இது வந்தது. பாசம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான், வேறு பெயர் தெரியவில்லை. "மெத்து போடுங்க" என்றேன். "இருக்கறதுலயே நல்லது எதுவோ அது." கூடவே இன்னொரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன், நாளைக்கு அவன் உயிரோடு மலை இறங்கி வருவது என் டயரால்தான். அவனுக்கு அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போட்டு என்ன பிரயோஜனம்?

வண்டியை லிஃப்டில் ஏற்றி, பழைய டயர் இரண்டையும் சக்கரத்திலிருந்து பிரித்துக் கடைக்கு வெளியே கழிவுக் குவியலில் வீசினார்கள். புதியதை மாட்டி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, விளிம்பில் சின்னச் சின்ன ஈயக்கட்டி ஒட்டிச் சமன் பார்த்தார்கள். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, ஈரமான கறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே தேவசகாயத்தின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஜெகநாதனைக் கூப்பிட்டேன். அழிக்காமல் வைத்திருந்த நம்பர்தான். மனசுக்குள் அவன், வாயைத் திறந்தால் நீங்கள், அப்படித்தான் எங்களை வளர்த்தது. "அண்ணா, தாமோதரன் பேசறனுங்க." "சொல்றா" என்றான். குரல் அப்பாவின் குரலாக ஆகியிருந்தது. "பின் டயர் ரெண்டும் மாத்தியாச்சுங்ணா. இருக்கறதுலயே நல்லது. இப்பத்தான் மாட்டறாங்க. சாயங்காலம் ஷெட்டுல உட்டர்றேன்." "நெசமாவா?" "நெசமாத்தானுங்க. கடையில இருந்துதான் பேசறேன்." அவன் மூச்சு விட்டது போனில் கேட்டது. "அப்பாடா. அப்ப நாளைக்கு எடுக்கலாம். அப்பா வேற கேட்டுக்கிட்டே இருக்கறாரு, ஞாத்துக்கெழமையானா வாசலையே பாக்கறாரு, என்னத்தைச் சொல்றதுன்னு தெரியாம வயித்துவலின்னு சொல்லிச் சமாளிச்சுட்டு இருந்தேன்." எனக்குப் புரியவில்லை. "ஏனுங்ணா, நீங்க வாரம் தவறாமப் போயிட்டுத்தான இருந்தீங்க?" "எங்கீடா போனேன்? முன்னாடி மாத்துனதுல இருந்து நான் அந்த வண்டியவே தொடலை. பின்னாடி அப்படிக் கெடக்கறப்ப எவன் எடுப்பான்? மழையில சுத்தீரும்னு கடைக்காரன் சொன்னானே." அவனே கேட்டான், "நீ எடுத்துட்டா போனே?" "ம்." "சுகந்தியையும் கூட்டீட்டா?" "ஆமாங்ணா." "ஒண்ணும் ஆகலீல்ல?" என்றான்.

ஒண்ணும் ஆகலீல்ல. அதை எப்படிச் சொன்னான்? அக்கறையாகவா? அக்கறையாகவும் எடுத்துக்கொள்ளலாம், அந்த வார்த்தைகளில் அதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது எனக்குள்ளே காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்த குரல். ஒன்றும் ஆகவில்லையா, அடடா, ஆகவில்லையா. ஆக, நான் மாடியில் நின்று வயிறு எரிந்த ஞாயிறுகளில் எல்லாம் அவன் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். மழை வந்தபோதெல்லாம் காது கொடுத்துக் காத்திருந்தான், போன் வருமா என்று. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் என் பெண்டாட்டியும் ஓரத்துக்கு ஒரு ஆள் தூரத்தில் நின்றபோது அவன் வீட்டில் என்ன பலகாரமோ. அப்புறம் நான், மடையன், அவனுக்காக மனசு இளகி, மெத்து ரப்பராகப் பார்த்து அழுத்தி அழுத்தி எடுத்து, போன் வேறு போட்டு. இத்தனை வருஷத்துக்கு முதல் தடவையாக எனக்கு ஒன்று வந்ததே, பெயர் தெரியாமல், அதுகூட நானே கட்டிக்கொண்டது, அவன் கொடுத்தது அல்ல. "ஒண்ணும் ஆகலைங்ணா" என்றேன். "நல்லா ஓடுச்சு. நாளைக்குப் போயிட்டு வாங்க. வால்பாறைப் பக்கம் நல்லா இருக்கும், அப்பாவுக்குப் புடிக்கும்." "சரிடா. நல்ல காரியம் பண்ணுனே" என்றான். வைத்துவிட்டான்.

தேவசகாயம் நான் பேசியதை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றார், சந்தோஷமாக இருந்தார், அண்ணன் தம்பி சேர்ந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது. "சேந்து இருக்கறதுதானுங்க நல்லது" என்றார். நான் லிஃப்டைப் பார்த்தேன். எனக்குள் எதுவும் கொதிக்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். "புதுசைக் கழட்டீருங்க" என்றேன். "பழசையே மாட்டுங்க. இதைக் கடையிலயே எடுத்து வைங்க, புதன்கெழமை வந்து மாட்டிக்கறேன்." அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஏதாவது குறைங்களாண்ணா?" "குறையெல்லாம் ஒண்ணும் இல்ல." "மாத்தியாச்சுன்னு இப்பத்தானுங்க பெரியவர்கிட்ட..." அந்த இடத்தில் நின்றுவிட்டார். நான் அவரையே பார்த்தேன். அவர் கடைக்கு வெளியே பார்த்தார், தூறல் ஆரம்பித்திருந்தது, பிறகு கீழே பார்த்தார், சட்டைப் பையில் இருந்த கருவியை எடுத்து மறுபடியும் அதே பையில் குத்தினார். "மழை வருதுங்க" என்றார், மெதுவாக. "ஆமா" என்றேன். "வண்டி உங்குளுதுங்க" என்றார். "பின்னாடி பாகம் மட்டும்" என்றேன். அவர் திரும்பி ஆட்களிடம் என்னவோ சைகை காட்டிவிட்டு அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலை செய்கிறவன், நாற்பது வயசு ஆள், ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "பழசை வெளிய வீசிட்டனுங்க, நனையுதுங்க" என்றான். பரவாயில்லை என்றேன். அவன் நகரவில்லை, புரியவில்லை போலிருக்கிறது. நானே போனேன். குவியலில் மேலாகத்தான் கிடந்தன. முதல் டயரை நிமிர்த்திச் சட்டையில் சேறு படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே உருட்டிவந்து அவன் காலடியில் நிறுத்தினேன், இரண்டாவதை எடுக்க மறுபடியும் மழையில் இறங்கினேன்.